லயத்துத் தாலாட்டும் அரியலூர் எலும்புகளும்

படநூல் என்பது, எழுத்தறியாப் பிள்ளை படத்தைப் பார்த்திருக்க, எழுத்தறிந்த பெரியவர் அருகிலிருந்து உரக்க வாசிப்பதற்கென்றே ஆக்கப்படும் நூல்வகையாகும். இவ்வகையில், அழிந்துபோன டைனோசர்களைப் பாட்டுடைத் தலைவர்களாக்கிச் சந்தச் செய்யுளில் எழுதப்படும் நூல்கள் ஆங்கிலத்தில் தனியொரு கிளையாகவே தழைத்துள்ளன. 1994இல் பால் ஸ்டிக்லண்ட், ஹென்றியெட்டா ஸ்டிக்லண்ட் ஆகியோரின் 'டைனோசர் ரோர்', 2000இல் ஜேன் யோலன் எழுத மார்க் டீக் படம் வரைந்த 'ஹௌ டூ டைனோசர்ஸ் சே குட்நைட்', அதனை அடுத்து டோனி மிட்டனின் 'டைனோசரம்பஸ்' என அக்கிளை நீண்டது. உறங்கப் போகும் வேளையில் தாயோ தந்தையோ மடியில் இருத்தி வாசிப்பதும், அடியின் இறுதிச் சொல்லை வாசிப்பவர் விழுங்கி நிறுத்தப் பிள்ளை அதனைத் தானே சொல்லி நிறைவு செய்வதும் இந்நூல்களின் பயன்பாட்டு முறையாகும். இம்முறை செயற்படுவதற்குப் பாட்டு, புத்தகம், வாசிப்பதற்கு ஒழிந்த வேளை என்னும் மூன்றும் ஒரே வீட்டில் ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும். இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் அமைந்த எல்கடுவவையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் நோக்குமிடத்து, பாட்டு முதலில் வந்து, புத்தகம் மிகப் பிந்தி வந்து, ஒழிந்த வேளை இன்னமும் முழுதாக வந்துசேராத ஒரு வரலாறு புலப்படுகின்றது. மலையகத் தமிழ்ப் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் புத்தகம் வந்த நாளிலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றனர். அவ்வாறு தொடங்குவது அவ்வரலாற்றின் பெரும்பகுதியைக் கைவிட்டுவிடுவதாகும்.

மாத்தளை, தென்னிந்தியத் தொழிலாளர் மலையகத்துக்குள் நுழைந்த வாயில்களுள் முதன்மையானது. 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து ஆள்கட்டப்பட்ட மக்கள், கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட வடபுலக் காட்டுவழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். 2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடத்தப்பட்ட நடைபவனி அந்தப் பாதையையே பின்பற்றியது. கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து திரும்பும் ஆடவராகவே இருந்தனர். 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, அவ்விடத்தில் தேயிலை வேரூன்றிய பின்னரே, ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேவை பெண்களையும் பிள்ளைகளையும் நிரந்தரமாக மலைக்குக் கொண்டுவந்தது. எனவே, தொட்டில் கட்டித் தாலாட்டும் குரல் மலையகத்தில் நிலைபெற்றதற்கும் தேயிலைப் பயிரின் இயல்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

அத்தாலாட்டுக்கு நெடிய மரபுப் பின்புலம் உண்டு. பெரியாழ்வார் காலத்திலேயே வித்திடப்பட்டுப் பின்னர்ப் பத்துப் பருவங்களாக வகுக்கப்பட்ட பிள்ளைத்தமிழில், நாவசைத்துத் தாலாட்டும் தாலப்பருவமும், கைதட்டி ஆடச்செய்யும் சப்பாணிப் பருவமும், வானத்து நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவமும் இடம்பெறுகின்றன. பாட்டோடு பிள்ளையின் உடலசைவை இணைப்பதும், எட்டாத ஒன்றைப் பிள்ளையின் அருகில் அழைப்பதும் புலவர் மரபிலேயே இலக்கணமாக நிலைபெற்றிருந்தமை இதனால் விளங்கும். லயத்துப் பெண்கள் பிள்ளைத்தமிழ் கற்றவர்களல்லர். ஆயினும், புலவர்கள் எந்த வாய்மொழி ஊற்றிலிருந்து அவ்வடிவத்தை எடுத்தனரோ அந்த ஊற்று அவர்களோடு கூடவே கடல் கடந்தது. லயம் என்பது ஒரே கூரையின்கீழ்ச் சிறு அறைகள் வரிசையாக அமைந்த தொழிலாளர் குடியிருப்பு. அதன் அறையைக் காம்பரா என்பர். ஒரு காம்பராவில் பாடினால் அடுத்த காம்பராவிலும் கேட்கும் என்பதால், ஒருத்தியின் தாலாட்டு பல வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி 1983இல் வெளியிட்ட 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இவ்வாய்மொழிச் செல்வத்தை எழுத்தில் நிறுத்திய முதன்மையான முயற்சியாகும். அவர் அதனைத் திரட்டியிராவிடின், அப்பாடல்களுட் பல பாடியோருடனேயே மறைந்திருக்கும்.

எனினும் தாலாட்டுக்கு உரிய தாய், பகல் முழுதும் மலையில் இருந்தாள். விடியுமுன் பெரட்டுக்களத்தில், அதாவது வேலைப் பகிர்வுக்காகத் தொழிலாளர் கூடி நிற்கும் திடலில், பெயர் கொடுத்துவிட்டுக் கூடையுடன் மலையேறியவள், பாலூட்ட ஓடிவரும் சிறு இடைவேளை நீங்கலாக, மாலையிலேயே பிள்ளையிடம் திரும்பினாள். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகள் இருந்த இடமே பிள்ளைக்காம்பரா அல்லது பிள்ளை மடுவம் எனப்பட்டது. வரிசையாகத் தொங்கிய தொட்டில்களையும் ஓடியாடும் பிள்ளைகளையும் ஒரு முதிய பெண்ணே பார்த்துக்கொண்டாள். பல பிள்ளைகளை ஒரே வேளையில் உறங்கச் செய்யவும், அழுகையை நிறுத்தவும், அமர்த்தி வைக்கவும் அவளிடமிருந்த கருவி குரல் ஒன்றே. நூலகமோ பள்ளியோ எட்டிப் பார்ப்பதற்கு முன்னரே, ஒருவர் பாடச் சிறு பிள்ளைகள் கூட்டமாகக் கேட்கும் வழக்கம் தோட்டத்தில் இருந்தது. தோட்டப்புறக் கல்வி வரலாறுகள் பிள்ளைக்காம்பராவைச் சுகாதாரம் அல்லது தொழிலாளர் நலன் என்ற தலைப்பின்கீழ் வைத்துக் கடந்துவிடுவது வருந்தத்தக்கது. பிள்ளை மொழியைக் கேட்டு வளர்ந்த முதற்களம் அதுவே.

அச்சிட்ட செய்யுள் லயத்துக்குள் நுழைந்தது பெரியவர்களுக்காகவே. சென்னையில் அச்சாகி வந்த 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள், அதாவது குறைந்த எழுத்தறிவு உடையோரும் மங்கிய ஒளியில் படிக்கத்தக்க பருத்த எழுத்தில் அமைந்த அல்லியரசாணி மாலை, நல்லதங்காள் கதை போன்றவை, எழுத்தறிந்த ஒருவர் இராகமிட்டு வாசிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்கும் முறையில் பயன்பட்டன. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடியதோடு சிறு பிரசுரங்களாகவும் வெளியிட்டார். ஆகவே, உரக்க வாசிப்பதும் கூடிக் கேட்பதும் இம்மக்களுக்குப் புதியனவல்ல. அச்சிட்ட பாட்டுப் பிள்ளையை நோக்கித் திரும்பாமையே அன்றைய குறையாக இருந்தது.

அத்திருப்பம் தமிழுலகின் வேறிடங்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிகழ்ந்தது. 1915இல் பாரதியாரின் 'பாப்பா பாட்டு' வெளிவந்தது, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கெனக் கனிந்த எளிய செய்யுள்களை இயற்றினார், 1944இல் அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' வெளியாக, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. இலங்கையில் இத்துறைக்கு வழிதிறந்தது யாழ்ப்பாணம். பாடநூல்களில் அறவுரைச் செய்யுளே நிறைந்திருந்த நிலையை மாற்ற விரும்பிய கல்வியாளர்களின் முயற்சியால் 1935இல் 'பிள்ளைப் பாட்டு' என்னும் தொகுப்பு வெளிவந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய 'ஆடிப்பிறப்பு', 'கத்தரி வெருளி' ஆகிய பாடல்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் நாவில் நின்றன.

'கத்தரி வெருளி' இங்குச் சற்று நின்று நோக்கத்தக்கது. வெருளி என்பது தோட்டப் பயிரைக் காக்க நிறுத்தப்படும் வைக்கோற் பொம்மை. அதன் தோற்றம் அச்சமூட்டினாலும் அதனால் எவருக்கும் தீங்கில்லை. அச்சத்தைத் தரும் ஒன்றைச் சந்தத்தில் அமைத்துப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது, அச்சம் விளையாட்டாக மாறுகின்றது. டைனோசர் பாட்டுநூல்கள் பிள்ளைகளைக் கவர்வதற்கும் இதுவே அடிப்படை. வீட்டை விடப் பெரியதும், வாள் போன்ற பல்லுடையதுமாகிய விலங்கு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போனமையால், இனி ஒருபோதும் வாசலுக்கு வரமாட்டாது. சிறுத்தையும் காட்டுப்பன்றியும் உண்மையாகவே நடமாடும் நக்கிள்ஸ் மலைச்சரிவில் வாழும் பிள்ளைக்கு, அச்சமூட்டும் விலங்குக்கும் அண்ட முடியாத விலங்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு நகரத்துப் பிள்ளையை விட நன்றாகவே விளங்கும்.

ஆனால் யாழ்ப்பாணத்துப் பாடல்கள் மலையகத்தை அடைந்தபோது ஓர் இடைவெளியும் உடன் வந்தது. ஆடிக்கூழும், பனங்கட்டியும், வடபுலத்து வயலும் அப்பாடல்களின் உயிர். எல்கடுவயில் பனை இல்லை. பாடநூலில் வரும் ஊர் எப்போதும் வேறோர் ஊராகவே இருந்தது தோட்டத்துப் பிள்ளையின் கல்வியில் நெடுங்காலம் நீடித்த நிலையாகும். இதனைப் புலவரின் குறையாகக் கொள்ளுதல் தகாது. அவர் தம் மண்ணைப் பாடினார். தோட்டத்து மண்ணைப் பிள்ளைகளுக்குப் பாடுவோர் உருவாகும் அளவுக்குத் தோட்டப் பள்ளிகள் வளர்க்கப்படாமையே குறை. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குத் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கின. ஆயினும் தொழிலாளர் பிள்ளை கற்றுவிட்டால் கொழுந்தெடுக்க ஆளிராது என்ற எண்ணம் மேலோங்கிய இடங்களில், ஒற்றை ஆசிரியருடன் ஒற்றை அறையில் நடந்த பள்ளியே எஞ்சியது. 1945 முதல் நாட்டில் இலவசக் கல்வி பரவியபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் பயனை முழுமையாகப் பெறவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டங்கள் 1970களின் நடுப்பகுதியில் அரசுடைமையான பின்னர், 1977 முதலே அவற்றின் பள்ளிகள் அரசின் கீழ் வந்தன. பிறர் ஒரு தலைமுறைக்கு முன் பெற்றதை இவர்கள் அப்போதுதான் பெறத் தொடங்கினர்.

இந்நிலையிலும் மாத்தளை இலக்கியத்தில் வறண்டிருக்கவில்லை. மாத்தளை சோமு, மலரன்பன், வடிவேலன் போன்றோர் தோட்ட வாழ்வைச் சிறுகதைகளில் நிலைநிறுத்தினர். ஆனால் அவர்களின் வாசகர் பெரியவர்களே. சிறுவரின் கைக்கு எட்டியவை பெரும்பாலும் 'அம்புலிமாமா' போன்ற தமிழக இதழ்கள். 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அவையும் அருகின. அக்கட்டுப்பாடு உள்நாட்டுத் தமிழ்ப் பதிப்பை ஊக்குவித்தது உண்மையே. எனினும் வண்ணப் படநூல் பெருஞ்செலவு வேண்டுவது என்பதால் அவ்வூக்கம் சிறுபிள்ளைகளை அடையவில்லை. சிங்களத்தில் 1956இலேயே சிபில் வெத்தசிங்க தம் 'குட ஹொரா'வின் வழியே சொல்லும் ஓவியமும் ஒருவர் கையாலேயே பிறக்கும் படநூலுக்கு இலக்கணம் வகுத்துவிட்டார். இலங்கைத் தமிழில் அதற்கு நிகரான தொடக்கம் அக்காலத்தில் அமையாமற்போனது பேரிழப்பு.

டைனோசரின் வரலாறு இதற்குள் வேறொரு திசையிலிருந்து வந்து பொருந்துகின்றது. ரிச்சர்ட் ஓவன் 1842இல் அவ்விலங்கினத்துக்குப் பெயரிட்ட அதே பத்தாண்டில்தான், அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த அரியலூர்ப் பகுதியின் கடற்சிப்பிப் புதைபடிவங்கள் ஐரோப்பிய அறிஞரின் கவனத்துக்கு வந்தன. எச். எஃப். பிளான்ஃபோர்டு அப்பாறைகளை ஆராய்ந்து 1862இல் அறிக்கை வெளியிட்டார், ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அங்குக் கிடைத்த உயிரின எச்சங்களைப் பல தொகுதிகளில் விரித்து விளக்கினார், 1929இல் சி. ஏ. மேட்லி அப்பகுதியின் டைனோசர் எலும்புகளைப் பற்றி எழுதினார். அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1980களின் இறுதியில் 'புருகத்காயோசரஸ்' எனப் பெயரிட்டனர். அது நெடுங்கழுத்துடைய தாவர உண்ணி எனவும், உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும் எனவும் பின்வந்த ஆய்வாளர் கருதினர். அவ்வெலும்புகள் மிகவும் சிதைவுற்றவையாதலால் நெடுநாள் நிலைக்கவில்லை. இன்று அவ்விலங்கை வரைபடங்களும் நிழற்படங்களும் கொண்டே அறிய வேண்டியுள்ளது.

எந்த மாவட்டத்தின் வறண்ட மேட்டுநிலத்திலிருந்து பஞ்சமும் கடனும் மக்களைப் பெயர்த்து மாத்தளைக்கு அனுப்பினவோ, அந்த மாவட்டத்தின் மண்ணுக்குள்ளேயே டைனோசர்கள் கிடந்தன என்பது, மலையகப் பிள்ளைக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி. எல்கடுவயின் அடிப்பாறையோ வேறுவகையானது. இலங்கையின் நடுமலைநாட்டுப் பாறைகள், நிலத்தின் ஆழத்தில் பெரும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு உருமாறியவை. அவ்வுருமாற்றம் ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. டைனோசர்கள் தோன்றியதோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே. ஆகவே, தேயிலை வேர் பற்றியிருக்கும் அப்பாறைக்குள் டைனோசர் எலும்பைத் தேடுவதற்கு இடமில்லை. எலும்பு தங்குவதற்கு, ஆறோ கடலோ படியவைத்த வண்டலால் ஆன இளைய பாறை வேண்டும். இலங்கையின் வடமேற்கில் தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களில் டைனோசர் காலத்துப் படிவுப் பாறைகள் சிறு அளவில் உள்ளன. அவை செடிகொடிகளின் பதிவுகளுக்கே பெயர்பெற்றவை. இந்தியாவும் இலங்கையும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் கூறுகளாக இருந்த காலத்தில் அச்செடிகள் வளர்ந்தன. பனை பற்றிய பாட்டு யாழ்ப்பாணப் பிள்ளைக்குத் தரும் உரிமையை மலையகப் பிள்ளைக்குத் தருவதில்லை. டைனோசரோ இலண்டன் பிள்ளைக்கும், கொழும்புப் பிள்ளைக்கும், எல்கடுவப் பிள்ளைக்கும் ஒரே அளவு தொலைவில் நிற்பது. எவர் வாசலிலும் இல்லாத விலங்கின் முன் எல்லாப் பிள்ளைகளும் நிகராகின்றனர் என்பதே, தோட்டப்புற முன்பள்ளிக்கு இப்பொருள் பொருத்தமாவதற்கு வலுவான காரணம்.

இனி அப்பாட்டு எவ்வாறு அமைய வேண்டும் என்பது யாப்பைச் சார்ந்த வினா. ஆங்கிலப் பாட்டுநூல் அடியிறுதி ஒலி ஒத்துவருவதை, அதாவது தமிழ் இலக்கணம் இயைபு என்பதை, முதன்மையாகக் கொண்டது. தமிழிலோ அடியின் தொடக்கமே ஒலியின் இருப்பிடம். முதலெழுத்து ஒத்துவருவது மோனை; முதலெழுத்து அளவில் ஒத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. மலை, தலை, இலை என்பனவும், கொழுந்து, விழுந்து, எழுந்து என்பனவும் எதுகைக் கூட்டங்கள். பிந்திய கூட்டத்தைக் கொண்டு, நெடுங்கழுத்து விலங்கு எழுந்ததையும் கொழுந்து தின்றதையும் சறுக்கி விழுந்ததையும் தோட்டத்துப் பிள்ளையின் நாவுக்கேற்பப் பாட முடியும். ஆங்கிலத்தில் நீண்ட டைனோசர்ப் பெயர் அடியின் இறுதியில் நின்று ஒலிக்கும். தமிழில் அதே பெயரை அடியிறுதியில் வலிந்து நிறுத்தி, அதற்கேற்ற இன்னொரு சொல்லைத் தேடும் மொழிபெயர்ப்பு, படத்தை மட்டும் காப்பாற்றிப் பாட்டை இழக்கின்றது. செய்யுளை உரைநடையாக்கித் தரும் மொழிபெயர்ப்பும் அவ்வாறே. அதில் பிள்ளை நிறைவு செய்வதற்குச் சொல் எதுவும் காத்திருப்பதில்லை. லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் ஆகியோர் 1983இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, ஒலியொப்புமையை இனங்காணும் திறனுக்கும் பின்னாளில் எழுத்துக் கற்றலுக்கும் தொடர்பிருப்பதை ஆங்கிலப் பிள்ளைகளிடம் எடுத்துக்காட்டியது. தமிழ்ப் பிள்ளையின் காது முதலில் பற்றும் ஒப்புமை எதுகையும் மோனையுமாகவே இருக்கும் என்பது, தாலாட்டையும் விடுகதையையும் நோக்குவோருக்கு இயல்பாகவே தோன்றும்.

1992இல் தோட்டங்களின் முகாமை புதிய பிராந்தியக் கம்பனிகளுக்கு மாறியபோது அவற்றுள் ஒன்றுக்கு எல்கடுவயின் பெயரே சூட்டப்பட்டது. பிள்ளைக்காம்பராக்கள் படிப்படியாகச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின; பயிற்சி பெற்ற இளம்பெண்கள் பொறுப்பேற்றனர்; கையசைத்துப் பாடும் பாடல்கள் அன்றாடப் பணியாயின. 2005இல் இலங்கையில் பணி தொடங்கிய 'ரூம் டு ரீட்' நிறுவனம் சிங்களத்திலும் தமிழிலும் உள்நாட்டு எழுத்தாளர், ஓவியர் கொண்டு வண்ணப் படநூல்களை ஆக்கியது. பெங்களூரின் 'பிரதம் புக்ஸ்' 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளம், எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் மொழிபெயர்க்கவும் அச்சிடவும் தக்க படநூல்களைத் தமிழிலும் திறந்துவைத்தது. வண்ண அச்சின் செலவு என்ற பழைய தடை இதனால் பெரிதும் தளர்ந்துள்ளது. தளராதது வேளையே. கொழுந்தின் நிறைக்கேற்ப நாட்கூலி கணக்கிடப்படும் தாய்க்கு மாலையில் சமையலும் தண்ணீரும் விறகும் காத்திருக்க, மடியில் பிள்ளையை இருத்தி வாசிக்கும் வேளை எளிதில் வாய்ப்பதில்லை. ஆதலால் மடிக்கென எழுதப்பட்ட ஆங்கில நூலின் அமைப்பை அவ்வாறே எடுத்துக்கொள்வதை விட, ஒருவர் பாடப் பலர் சேர்ந்து பாடும் பிள்ளைக்காம்பரா மரபுக்கு ஏற்ற, பெரிய படமும் திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் கைதட்டலுக்கு இடமும் உள்ள நூலே அங்கு வேரூன்றும். அதற்கான பாடல்களை முன்பள்ளி ஆசிரியைகள் பலர் தாமே கட்டிப் பாடிவருகின்றனர். சி. வி. வேலுப்பிள்ளை பெரியவர்களின் பாடல்களுக்குச் செய்ததை இவற்றுக்கும் செய்து, ஓவியரையும் உடனிருத்தி அச்சேற்றுவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. பிள்ளைக்காம்பராவில் அமர்ந்து கேட்டெழுதும் பொறுமையே வேண்டும்.